டயர் கடைக்கு மேலே பாடியவள்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்தது. பள்ளிச் சான்றிதழிலும் வங்கிக் கணக்கிலும் அது பத்திரமாகவே இருந்தது. மற்றபடி வீடும் வெளியும் அவளை 'நிதானம்' என்றுதான் கூப்பிட்டன. பாராட்டு என்று நினைத்துவிட வேண்டாம். அவள் செருப்பு மாட்டி முடிப்பதற்குள் பள்ளிக்கூட மணி அடித்து ஓய்ந்துவிடும் காலத்தில், அம்மா தலையில் அடித்துக்கொண்டு வைத்த பெயர் அது. எரிச்சலில் வைத்த பெயர் என்பதாலோ என்னவோ, நன்றாக ஒட்டிக்கொண்டது.

சோம்பேறி என்று யாராவது சொன்னால் அது அபாண்டம். எடுத்த வேலையை அடிமுதல் நுனிவரை பார்த்துத்தான் கீழே வைப்பாள். பேச ஆரம்பித்தால் வாக்கியத்தின் கடைசிவரை போவாள். எதிராளி பாதியிலேயே புரிந்துகொண்டு தலையாட்டினாலும் விடமாட்டாள். "சீக்கிரம்!" என்று யார் கத்தினாலும் அவளிடமிருந்து வருவது ஒரே பதில்தான்: "இரு, வரேன்." அந்த 'இரு'வில் ஒரு இழுப்பு இருக்கும், 'வரேன்' என்பதில் இன்னொரு இழுப்பு இருக்கும். சொல்லி முடிப்பதற்குள் கூப்பிட்டவர் போய்விடுவதும் உண்டு. கல்யாணம் ஒன்றும் நடந்தது. மாப்பிள்ளை சாப்பிட்ட கை காய்வதற்குள் அடுத்த வேலைக்குத் தாவுகிற ஆள். கொஞ்ச காலம் இருவரும் ஒருவரை ஒருவர் தங்கள் பக்கம் இழுத்துப் பார்த்தார்கள். யாரும் அசையவில்லை. அவள் அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தாள். அதையும் நிதானமாகத்தான் செய்தாள் என்று உறவுக்காரர்கள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள்.

இவளுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள். பெரியப்பா மகன் டயர் கடைக்கு மேல்மாடியில் ஒரு ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்தான். இரண்டே அறைகள். உள்ளறையின் சுவர் முழுக்கப் பஞ்சு மெத்தை ஒட்டியிருக்கும். பாடுகிறவர்கள் அங்கே நிற்பார்கள். வெளியறையில் கணினி, ஒலிபெருக்கிகள், ஒரு பழைய சோபா, தெருவைப் பார்த்த ஜன்னல். கணினிக்கு முன்னால் நிதானம். அவள் வேலை, ஒலிகளை இழுப்பதும் சுருக்குவதும்.

டேப் காலத்தில் பாட்டின் வேகத்தைக் கூட்டினால் குரல் எலிக்குரலாகிவிடும், குறைத்தால் பூதம் பேசுவதுபோல இருக்கும். கணினி வந்தபின் அந்தத் தொல்லை தீர்ந்தது. பதிவான ஒலி திரையில் ஒரு நாடாபோலத் தெரியும். அதன் நுனியைப் பிடித்து இழுத்தால் ஒலி நீளும், தள்ளினால் சுருங்கும். சுருதி மட்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். எங்கோ ஒரு வேகத்தில் அடித்த டிரம்ஸையும் வேறெங்கோ வேறு வேகத்தில் ஊதிய குழலையும் இப்படித்தான் ஒரே தாளத்தில் உட்கார வைப்பார்கள். தானாகவே சரிசெய்ய மென்பொருளில் ஒரு பொத்தானும் உண்டு. அண்ணன் அதை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போய்விடுவான். அது மொத்தத்தையும் ஒரே சீராக இழுத்துத் தள்ளும். பாடியவரின் நாக்கு தடுமாறும், மூச்சு விக்கலாகிவிடும்.

நிதானம் அந்தப் பொத்தானைத் தொடமாட்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் தன் கையால் குறி வைப்பாள். அழுத்தி விழும் எழுத்துகளை அப்படியே விட்டுவிட்டு, நீண்டு நிற்கும் ஓசையில் மட்டும் கொஞ்சமாகப் பிடித்து இழுப்பாள். பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் கை வைக்கவே மாட்டாள்.

"மூச்சு அவங்கவங்களோடது. அதுல நமக்கென்ன வேலை?" என்பாள்.

"தத்துவம் பேசினது போதும், பாட்டை அனுப்பு" என்பான் அண்ணன்.

அண்ணனுக்கு நல்ல மெட்டுகள் வரும். குரல்தான் வராது, அவன் பாடிக் காட்டினால் கீழே டயர் கடைக்காரர் "மேல யாருக்காவது அடிபட்டுருச்சா?" என்று கேட்பார். ஒரு நாள் மத்தியானம் ஒரு மெட்டு வந்தது. வரவேண்டிய பாடகி வரவில்லை. மறந்துபோவதற்குள் பிடித்து வைக்க வேண்டும். "நீ பாடு, பாடகி வந்தா கேட்டுப் படிச்சுக்கட்டும்" என்றான். உள்ளறையில் ஏசி பழுது, நின்றால் வெந்துவிடும். அதனால் வெளியறையிலேயே, ஜன்னலைத் திறந்து வைத்து, மைக்கை முன்னால் இழுத்துக்கொண்டாள்.

"வார்த்தை?"

"வாய்க்கு வர்றதைப் பாடு."

அவள் வாய்க்கு எது வரும்? தினமும் வருவதுதான் வந்தது. "இரு… வரேன்… இரு… இன்னும் கொஞ்சம் இரு…" என்று அவளுடைய வேகத்திலேயே, ஒவ்வொரு சொல்லும் முழுசாக முடிந்தபின் அடுத்ததற்குப் போய்ப் பாடினாள். கீழே காற்று பிடிக்கும் இயந்திரம் 'டுக்கு டுக்கு' என்று ஓடிக்கொண்டிருந்தது. நடுவில் யாரோ ஒருவருடைய சக்கரத்திலிருந்து 'புஸ்ஸ்' என்று காற்று இறங்கியது. பாடகி கேட்டுப் படிக்கத்தானே என்று இருவரும் அதைக் கண்டுகொள்ளவில்லை.

சில மாதங்கள் போயின. நிதானம் தையல்காரரிடம் ஒரு பையின் ஜிப்பை மாற்றக் கொடுத்திருந்தாள். அவர் கடை ரேடியோவில் ஒரு பாட்டு. ஊரெல்லாம் அந்தப் பாட்டுதான். பேருந்தில், சலூனில், துணிக்கடையில். துள்ளித் துள்ளி ஓடும் தாளம், அதன்மேல் பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி ஓட ஓட விரட்டப்பட்டதுபோல 'இருவரேனிரு இருவரேனிரு' என்று பாடும் குரல், அதற்கு நடுவே 'ச்சிக்' என்று ஒரு வினோதமான சத்தம். அவளும் அதை எத்தனையோ முறை காதில் வாங்கியிருக்கிறாள். அன்றைக்குத்தான் நின்று கேட்டாள். 'ரே' என்ற இடத்தில் அந்தக் குரல் லேசாக உடைந்து மறுபடி சேர்ந்தது. சின்ன வயதிலிருந்து அந்த இடத்தில் உடைகிற தொண்டை அவளுடையது.

பையை அங்கேயே விட்டுவிட்டு மாடியேறினாள். வாழ்க்கையில் முதல்முறையாக வேகமாகப் படியேறினாள் என்று டயர் கடைக்காரர் பின்னால் சாட்சி சொன்னார்.

"அந்தப் பாட்டு என் குரலா அண்ணா?"

அண்ணன் மழுப்பவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. "உன் குரல்னு எப்படிச் சொல்ற? வீட்ல வெச்சு சுருக்கி, மேல தூக்கி, பாதி வயசாக்கி எவ்வளவு வேலை பண்ணியிருக்கேன் தெரியுமா? நீ பாடின வேகத்துல விட்டிருந்தா ஜனங்க முதல் வரியிலயே தூங்கியிருப்பாங்க. அது இப்ப கம்ப்யூட்டர் குரல்."

மெட்டை வாங்கிக்கொண்ட இசையமைப்பாளரிடமும் அப்படித்தான் சொல்லியிருந்தான். அவரும் நம்பி, போன இடத்திலெல்லாம், "இந்தப் பாட்டுல பாடகியே கிடையாது, முழுக்க மென்பொருள் உண்டாக்கின குரல்" என்று பெருமையடித்துக் கொண்டிருந்தார். இணையத்தில் பாட்டின் கீழே எல்லோருடைய பெயரும் இருந்தது. டிரம்ஸ் வாசித்தவர் பெயர், ஒலி கலந்தவர் பெயர், அண்ணன் பெயர். பாடியவர் என்ற இடத்தில் ஒன்றுமே இல்லை.

"என் பேரைப் போடச் சொல்லு" என்றாள்.

"அவரு ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்காரு. இப்ப போய் மாத்தினா அவர் மூஞ்சியை எங்க வெச்சுப்பாரு? என் கடையை மூட வேண்டியதுதான். நமக்குள்ள என்ன, நிதானம்? விடு."

வீட்டில் அம்மாவும் அதே பாட்டைத்தான் பாடினாள். "அண்ணன்தானே, அவன் இல்லன்னா உனக்கு யாரு வேலை குடுப்பா? வாயை மூடிட்டு விட்டுக்குடு. எல்லாத்துலயும் மெதுவா இருக்கிறவ, இதுல மட்டும் எதுக்கு அவசரப்படற?"

"அவசரம் இல்லம்மா. என்னை ஓட வெச்சுட்டாங்க. அதைத்தான் கேக்கறேன்."

அம்மாவுக்குப் புரியவில்லை. நிதானத்துக்கு மிக நன்றாகப் புரிந்திருந்தது. பிறந்ததிலிருந்து பள்ளிக்கூடமும் புருஷனும் பெற்றவளும் சேர்ந்து செய்யப் பார்த்து முடியாமல் போனதை, அண்ணன் ஒரு நுனியைத் தள்ளி முடித்துவிட்டான். அவளைச் சுருக்கிவிட்டான். சுருக்கிய பிறகு எல்லோருக்கும் பிடித்தும் போய்விட்டது. அந்த ஆத்திரம் அவளுக்குள் அவளைப்போலவே மெதுவாகக் கொதித்தது. மெதுவாகக் கொதிப்பது சீக்கிரம் ஆறாது.

அடுத்த வாரமே அண்ணன் ஒரு தட்டு பிஸ்கட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் பிஸ்கட் நீட்டினாலே விஷயம் பெரிது.

"சாருக்கு இன்னொரு பாட்டு. அதே கம்ப்யூட்டர் குரல் வேணுமாம். புதன்கிழமை நேரிலயே வராரு. நீ அதுக்குள்ள பாடிக் குடுத்துடு, நான் இழுத்துக்கறேன். யாருக்கும் தெரிய வேணாம்."

அவள் பிஸ்கட்டை எடுத்து, முழுவதும் மென்று, விழுங்கி, வாய் துடைத்தபின் சொன்னாள். "பேரைப் போட்டா பாடறேன். இல்லன்னா மாட்டேன்."

"உன்னை விட்டா ஆளா இல்ல?"

"அப்ப அவங்களையே கூப்பிடு."

அவன் கோபித்துக்கொண்டு கிளம்பிப் போனபின் அவள் கணினியில் தேடினாள். முதலில் பாடிய பதிவை அண்ணன் அழித்திருந்தான். சுருக்கி முடித்த குரல் மட்டும் ஒரு மூலையில் கிடந்தது. அது போதும் அவளுக்கு. சுருக்கியதை நீட்டலாம். ஆனால் எவ்வளவு நீட்டுவது? எந்த வேகத்தில் பாடினோம் என்று யாருக்குத் தெரியும்? நடக்கிறவன் தன் நடையை அளந்து வைத்துக்கொண்டா நடக்கிறான்? ஒரு நுனியைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், சோகப்பாட்டானது. கொஞ்சம் தளர்த்தினாள், யாரோ ஒருத்தி பாடினாள், அவள் பாடவில்லை.

அப்போதுதான் அந்த 'ச்சிக்' சத்தம் காதில் இடறியது. அண்ணனுக்கு அது எதேச்சையாக விழுந்த புதையல். ஜாலராபோல நன்றாக இருக்கிறதே என்று அதைத் துடைக்காமல் விட்டு வைத்திருந்தான். இசையமைப்பாளர் அதைத்தான் வாய் ஓயாமல் புகழ்ந்தாராம். நிதானம் அந்த இடத்தை மட்டும் பிடித்து நீட்டினாள். 'ச்சிக்' கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்து 'புஸ்ஸ்' என்று இறங்கியது. அதற்கு அடியில், குரலுக்குப் பின்னால், மிக மெல்லிதாக 'டுக்கு டுக்கு'.

அவள் எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தாள். கீழே காற்று இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதே கிழட்டு இயந்திரம், அதே 'டுக்கு டுக்கு'. திரும்பி வந்து உட்கார்ந்து, பதிவில் கேட்கும் சத்தத்தை வெளியே கேட்கும் சத்தத்தோடு சேர்க்க ஆரம்பித்தாள். ஒரு இழை நீட்டினாள், கேட்டாள். சுருதியைக் கொஞ்சம் இறக்கினாள், கேட்டாள். கீழே வாடிக்கையாளர் போய்விட்டால் இயந்திரம் நின்றுவிடும். அப்போது ஜன்னலுக்குப் போய்க் கத்துவாள்.

"அண்ணே, மெஷினைக் கொஞ்சம் போடுங்க!"

"வண்டியே இல்லையே தங்கச்சி!"

"சும்மா போடுங்க!"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போட்டார். சாயங்காலம் ஆவதற்குள் உள்ளே அடித்ததும் வெளியே அடித்ததும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. எது எது என்று பிரிக்க முடியவில்லை. அதன்மேல் அவள் குரல், அவளுடைய வேகத்தில், ஒவ்வொரு சொல்லும் முழுசாக முடிந்தபின் அடுத்ததற்குப் போய்ப் பாடியது. நீட்டியதில் ஓரங்கள் கொஞ்சம் தகரமாக ஒலித்தன. இருக்கட்டும். இழுபட்டு வந்தவளுக்குக் கொஞ்சம் கீறல் இருக்கத்தானே செய்யும்.

புதன்கிழமை இசையமைப்பாளர் வந்தார். பாடகி ஒருத்தியும் கிடைக்காத அண்ணன், மென்பொருள் இன்னும் தயாராகவில்லை என்று என்னென்னவோ சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தான். நிதானம் எழுந்து வந்து, "சார், உங்க கம்ப்யூட்டர் குரல் பிறந்த இடத்தைக் கேக்கறீங்களா?" என்று சொல்லி, யாரும் தடுப்பதற்குள் பதிவை ஓட்டிவிட்டாள்.

அறை முழுவதும் அவள் குரல் நிரம்பியது. 'இரு… வரேன்… இரு…' இசையமைப்பாளர் முதலில் புருவத்தைச் சுருக்கினார். 'புஸ்ஸ்' வந்ததும் கையை உயர்த்தினார்.

"இது என்ன சத்தம்?"

"உங்களுக்குப் பிடிச்ச அந்த 'ச்சிக்' சார். உண்மையான வேகத்துல இப்படித்தான் இருக்கும். கீழ டயர்ல காத்து இறக்கினது." ஜன்னலைத் திறந்துவிட்டாள். 'டுக்கு டுக்கு' உள்ளே வந்தது. "கம்ப்யூட்டருக்குள்ள எல்லாம் இருக்கும். டயர் கடை இருக்குமா சார்?"

இசையமைப்பாளர் அண்ணனைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், கடைசியாக அவளைப் பார்த்தார். எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்.

"சரிம்மா, உங்க குரல்தான். ஆனா உண்மையைச் சொல்றேன், வேகமா இருக்கிறதுதான் நல்லா இருக்கு. ஜனங்களுக்கு அதுதான் பிடிச்சிருக்கு."

"இருக்கட்டும் சார். ஓட்டிக்கங்க. யாரை ஓட வெச்சீங்களோ அவ பேரைச் சொல்லிட்டு ஓட்டுங்க. அடுத்த பாட்டுக்கு நான் வேணும்னா நான் பாடறதுக்குத் தாளம் வரட்டும். தாளத்துக்குப் பின்னாடி நான் ஓடமாட்டேன்."

"யோசிச்சு சொல்றேன்" என்று அவர் எழுந்து போனார். படி இறங்கும் சத்தம் ஓய்ந்ததுதான் தாமதம், அண்ணன் வெடித்தான்.

"நாசமாக்கிட்டியே! சோறு போட்ட கையையே கடிச்சிட்டியே! கிளம்பு இங்கேருந்து. சீக்கிரம் கிளம்பு!"

நிதானம் தன் ஹெட்போனின் வயரைச் சுற்ற ஆரம்பித்தாள். சிக்கு இருந்தது, உட்கார்ந்து சிக்கெடுத்தாள். தேநீர்க் கோப்பையைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்தாள். அவன் வாசலில் நின்று காலைத் தட்டிக்கொண்டிருந்தான்.

"சீக்கிரம்னு சொன்னேன்!"

"இரு, போறேன்" என்றாள். சாவியை மேசைமேல் வைத்து, மேசையைத் துடைத்து, ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் இறங்கினாள்.

வேலை போன செய்தி அவளுக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது. அம்மா சமையலறையில் பாத்திரங்களை உடைத்துவிடுவதுபோலக் கழுவிக்கொண்டிருந்தாள். திட்டு தொடங்குவதற்குள் நிதானம் செல்போனை மேடைமேல் வைத்து, நீட்டி எடுத்த பாட்டை ஓட்டினாள். அம்மா இரண்டு பாத்திரம் கழுவினாள். மூன்றாவதைக் கையில் பிடித்தபடி நின்றாள். பின் குழாயை மூடினாள். பாட்டு முடியும்வரை கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"இவ்வளவு நாளா நீ வீட்ல சொல்லிட்டிருந்தது இதுதானா?"

"இதேதான்."

"நான் ஒரு தடவையும் கடைசிவரைக்கும் கேட்டதில்லையே" என்றாள் அம்மா. மறுபடி குழாயைத் திறந்தாள்.

இசையமைப்பாளரிடமிருந்து பதில் வரவில்லை. நிதானம் காத்திருக்கத் தெரிந்தவள்தான், ஆனால் இதற்கு அவள் காத்திருக்கவில்லை. நீட்டி எடுத்த பாட்டை, டயர் கடைச் சத்தத்தோடு, தன் முழுப்பெயரைப் போட்டு இணையத்தில் ஏற்றிவிட்டாள். 'அந்தப் பாட்டு, பாடியவளின் வேகத்தில்' என்று ஒரே ஒரு வரி எழுதினாள். தூக்கம் வருகிறது என்று சிலர் கிண்டலடித்தார்கள். சிலர் 'ச்சிக்' 'புஸ்ஸ்' ஆகும் இடத்தைத் தேடிப்பிடித்துச் சிரித்தார்கள். டயர் கடைக்காரர் வருகிற வாடிக்கையாளருக்கெல்லாம் போட்டுக் காட்டி, "இந்த 'புஸ்ஸ்' நம்மளுது" என்றார். மெல்ல மெல்லக் கேள்விகள் இசையமைப்பாளர் பக்கம் திரும்பின. ஒரு நாள் அந்தப் பாட்டின் கீழே, பாடியவர் என்ற இடத்தில், சின்ன எழுத்தில் அவள் பெயர் வந்திருந்தது. மன்னிப்பும் இல்லை, விளக்கமும் இல்லை. வேறு கூடங்களிலிருந்து ஒன்றிரண்டு பேர் கூப்பிட்டார்கள். வீட்டு முன்னறையில் ஒரு மேசை போட்டு, மற்றவர்களின் மூச்சைத் தொடாமல் ஒலிகளை இழுக்கும் வேலையை அவள் தொடர்ந்தாள். அண்ணன் இன்னும் பேசுவதில்லை. அவளும் போய்க் கெஞ்சவில்லை.

ஒரு நாள் அம்மாவும் அவளும் பேருந்தில் போய்க்கொண்டிருந்தார்கள். ஓட்டுநர் அந்தப் பாட்டைப் போட்டார். முன் இருக்கையில் இருந்த பெண் தாளம் போட்டபடி, "இது கம்ப்யூட்டர் பாடினதாம்" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்.

அம்மா எட்டி அவள் தோளைத் தட்டினாள். "கம்ப்யூட்டரும் இல்ல ஒண்ணும் இல்ல. என் பொண்ணு பாடினது. இதுல வேகம் மட்டும்தான் அவளோடது இல்ல."

இறங்கும் இடம் வந்தது. அம்மா முதலில் இறங்கிவிட்டாள். நிதானம் பையை எடுத்து, தோளில் மாட்டி, கம்பியைப் பிடித்து, ஒரு படி இறங்கினாள். நடத்துநர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு, "சீக்கிரம் இறங்கும்மா, சீக்கிரம்!" என்று அதட்டினார்.

கீழே நின்ற அம்மா அவரை நிமிர்ந்து ஒரு முறை முறைத்தாள்.

"இருங்க. வருவா."